பத்மநாபபுரம் கொட்டாரம்: வெறுமையாக இருக்கும் அறைகளில் எதைப் பார்ப்பது?

திருச்சிப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் கன்னியாகுமரிக்குச் சென்றிருந்தபோது, பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஊர் வந்து மூன்று வாரங்கள் ஆகியும் அந்தப் பயணம் மனத்தில் ஒரு குறையாகவே நிற்பதால் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு மைசூர் அரண்மனையைப் பார்த்திருந்தோம். பொன் பூச்சும் வண்ணக் கண்ணாடியும் அங்கே கண்ணைப் பறித்தன. அதே எதிர்பார்ப்போடு இங்கே நுழைந்த எங்களுக்கு, கூடத்துக்குப் பின் கூடமாகக் கறுத்த தரையும் மரத் தூண்களும் தாழ்ந்த நிலைப்படிகளுமே எதிர்ப்பட்டன. விடுமுறைக் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியதால், முன்னே போகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி நடந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். "அப்பா, இங்கே இருந்தவர்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள், அவர்களுடைய சாமான்கள் எல்லாம் எங்கே போயின?" என்று மகள் கேட்டாள். எனக்கு எதற்குமே பதில் தெரியவில்லை.

பிழை அரண்மனையில் இல்லை, நான் பார்த்த விதத்தில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. வரும் மாதம் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போக எண்ணியிருக்கிறேன். அவருக்கு வயது 68; முழங்கால் வலி உண்டு. அந்த இடத்தை எப்படிப் பார்க்க வேண்டும், எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: அறைகளை இப்படி வெறுமையாக வைத்திருப்பதைவிட, அக்காலத்துப் பொருள்களைக் கொண்டு நிரப்பி வைத்தால் பார்க்கிறவர்களுக்கு உதவியாக இருக்காதா?

வேளிமலை அடிவாரம் எழுதியது:

ஐயா, நான் தக்கலைக்காரன். எங்கள் பக்கத்தில் அரண்மனை என்று சொல்வதைவிடக் கொட்டாரம் என்று சொல்வதே வழக்கம் என்பதால் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் கேட்ட மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. சாமான்கள் எங்கே போயின? அவற்றுக்கு உரியவர்களோடு போயின. இந்த ஊர் வேணாட்டுக்கும் பிறகு திருவிதாங்கூருக்கும் தலைநகராக இருந்தது. முன்பு இதன் பெயர் கல்குளம். 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்ட வர்மா, 1750இல் தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, அந்தத் தெய்வத்தின் அடியவனாக இருந்து ஆள்வதாக அறிவித்தார். ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் அந்தக் காலத்தில்தான் வந்தது. அவருக்குப் பின் வந்த தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அதாவது நீங்கள் பார்த்தது, இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே குடும்பம் இடம் மாறிப்போன ஒரு வீடு. இடையில் யாரும் இதை இடித்துப் புதுப் பாணியில் கட்டாததற்கும் அந்த இடமாற்றமே காரணம் என்று நான் நினைக்கிறேன். மைசூரை நீங்கள் குறிப்பிட்டதால் சொல்கிறேன்: அங்கே இருந்த பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையானது, நீங்கள் பார்த்தது 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. மரத்தாலான கொட்டாரம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இனி நடந்து பார்க்கும் முறை. நுழைந்ததும் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் எல்லோரும் ஓரிரு நிமிடம் நின்றுவிட்டுப் படியேறிவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கே கால் மணி நேரமாவது இருங்கள். மேலே தட்டுப் பலகையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. வெண்கலச் சங்கிலியில் குதிரை விளக்கு தொங்குகிறது. அதை எந்தத் திசையில் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் வகையில் சங்கிலியின் கண்ணிகள் அமைந்திருக்கின்றன. ஏழு துண்டுகளாலான மெருகேற்றிய கருங்கல் கட்டிலும், சீனர்கள் அளித்ததாகச் சொல்லப்படும் நாற்காலியும், ஓணத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவரப்பட்ட ஓணவில்லுகளும் அங்கேதான் இருக்கின்றன.

பூமுகத்துக்கு மேல் மந்திரசாலை. படி குறுகலானது, செங்குத்தானது. அம்மாவுக்கு அது சிரமம். ஆனால் நீங்களும் மகளும் ஏறுங்கள். ஏறியதும் நடந்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டாகத்தான் இருக்கும். சற்றுப் பொறுத்தால் சாய்வான மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக இறங்குவதும், அபிரகப் பலகை (மைக்கா) பதித்த சாளரத்தில் நிறம் மாறுவதும், இவை எல்லாம் கறுத்த தரையில் மறுபடி தெரிவதும் ஒவ்வொன்றாகப் புலப்படும். அரசர் அமைச்சர்களோடு அமர்ந்து பேசிய இடம் அது. வெளியே நடுப்பகல் வெயில் எரித்தாலும் அந்த அறைக்குள் குளிர்ச்சி இருக்கும்.

எங்கே தூங்கினார்கள் என்பதற்கு விடை உப்பரிகை மாளிகை. 1750ஆம் ஆண்டளவில் மார்த்தாண்ட வர்மா கட்டிய நான்கு நிலைக் கட்டடம் அது. கீழே கருவூலம், அதற்கு மேல் அரசரின் படுக்கையறை. 64 மரத் துண்டுகளை இணைத்துச் செய்த மூலிகைக் கட்டில் அங்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பத்மநாபருக்கென்று ஒதுக்கிய அறை, சுவரெங்கும் ஓவியம். அந்த மேல்நிலைக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை. எங்கே சமைத்தார்கள் என்பதற்கு விடை ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடத்தில் கிடைக்கும். மேலும் கீழுமாக இரண்டு தளங்கள். ஒரே பந்தியில் 2000 பேர் அமரலாம். ஊறுகாய் வைத்த பெரிய சீனப் பரணிகளை மகளுக்குக் காட்டுங்கள்.

ஒரு சிறு குறிப்பு: திங்கட்கிழமை விடுமுறை. பகலில் ஒரு மணிக்கு மூடி இரண்டு மணிக்குத் திறப்பார்கள். செவ்வாய் அல்லது புதன் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டால் நெரிசலே இராது.

தச்சன் பேரன் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் வழியை நன்றாகக் காட்டிவிட்டார். நான் தரையையும் மரத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்; என் தாத்தா தச்சர். குமரி மாவட்டத்தில் பல பழைய நாலுகெட்டு வீடுகளின் கூரையைப் பிரித்து மறுபடி கோத்தவர். சிறுவனாக இருந்தபோது என்னைக் கொட்டாரத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. "கண்ணை மேலே வை, கையைக் கீழே வை" என்று சொல்லித் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்தக் கறுப்புத் தரையில் சிமெண்டு கிடையாது, பளிங்கும் கிடையாது. சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, நீற்றிய சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் செடிச் சாறுகளும் கூட்டி அரைத்துப் பூசி, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியது. திருச்சிப் பக்கம் கொட்டாங்கச்சி என்பதைத்தான் நாங்கள் சிரட்டை என்கிறோம். எந்தப் பொருளும் தொலைவிலிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தென்னை இங்கே, சுண்ணாம்புக்குச் சிப்பி கடற்கரையில், தேக்கும் பலாவும் அயினியும் மலையிலும் வீட்டுத் தோட்டத்திலும். ஆனால் அதைத் தேய்த்த கைகளின் பொறுமையை இன்று கூலி கொடுத்து வாங்குவது கடினம். புதிதாக அப்படி ஒரு தரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, "பொருள் கிடைக்கும், நாள் கிடைக்காது" என்று தாத்தா பதில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

தாய்க்கொட்டாரம் இந்த வளாகத்திலேயே பழையது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. நாலுகெட்டு முறையில் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். ஆண்டில் பாதி நாள் ஈரம் இருக்கிற இடத்தில் மரத்தால் வீடு கட்ட வேண்டுமென்றால், மழையைச் சுவரில் பட விடவே கூடாது. அதற்காகத்தான் கூரை அத்தனை செங்குத்தாக இறங்குகிறது. இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கிறது. நண்பர் சொன்ன சாய்வுச் சட்டங்களும் அழகுக்காக வைத்தவை அல்ல. அவை சாரலை வெளியே தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. வெப்பக் காற்று முற்றத்தின் வழியாக மேலே போகிறது. நிலைப்படிகள் தாழ்வாக இருந்ததைக் குறையாக எழுதியிருந்தீர்கள். கூரையைத் தாழ்த்தி வெயிலையும் சாரலையும் மறைத்துக் கட்டுகிற வீட்டில் வாசலும் தாழ்வாகத்தான் வரும். குனிந்து நுழைவது மரியாதையாகவும் எண்ணப்பட்டது.

தாய்க்கொட்டாரத்தின் தென்மேற்கு மூலையில் ஏகாந்த மண்டபம் இருக்கிறது. அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று உண்டு. என்னிடம் கேட்டால், கொட்டாரத்தில் வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் அந்தத் தூணின் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும் என்பேன். பலாமரத்துக்கு இழை ஓட்டம் ஒழுங்காக இராது. உளி கொஞ்சம் பிசகினாலும் சிதறும். அதில் அத்தனை நுண்ணிய வேலை செய்தவரின் பெயர் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தத்தைத் தருகிறது.

தயவுசெய்து தூண்களைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேரின் கை வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் செதுக்கலின் விளிம்பு மழுங்கிவிடும். மரச் சுவரில் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பழஞ்சுவடு எழுதியது:

தொடக்கப் பதிவின் கடைசிக் கேள்விக்கு, அறைகளை நிரப்பி வைக்கலாமா என்பதற்கு, என் பதில் கூடாது என்பதே.

மூன்று காரணங்கள் மனத்தில் வருகின்றன. அந்த அறைகள் வாழ்ந்த காலத்திலும் நிறைந்து இருந்தவை அல்ல. பாய் விரித்துப் படுத்து, காலையில் சுருட்டி வைத்து, தரையில் அமர்ந்து உண்டு, வேலை முடிந்ததும் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைக்கிற வாழ்க்கை அது. நாற்காலியும் மேசையும் அலமாரியும் இல்லாத அறையை நாம் இன்று வெற்றறை என்கிறோம். அவர்கள் அதை அறை என்று மட்டுமே நினைத்திருப்பார்கள். இரண்டாவதாக, வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த பொருளை அங்கே வைத்துவிட்டால், பத்து ஆண்டுகளில் அது அங்கேயே இருந்தது என்ற கதை பிறந்துவிடும்; பிறகு எது உண்மை, எது நாம் வைத்தது என்று பிரித்தறிய யாராலும் முடியாது. மூன்றாவது, எடை. நானூறு ஆண்டு கண்ட மரத் தளத்தின் மீது பார்வையாளர்களின் எடையே அதிகம். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் இடம்பெற்ற ஓர் இடத்தை நாம் இன்னும் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். உப்பரிகையின் மேல்நிலையை மூடி வைத்திருப்பது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன். மூச்சின் ஈரமும் விளக்கொளியும் சுவரோவியத்துக்குப் பகை.

கல்வெட்டுகள், கற்சிலைகள், மரச் சிற்பங்கள் முதலியவற்றை வளாகத்திலேயே உள்ள தனி அருங்காட்சியகக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். பொருள்களைப் பார்க்க அங்கே போக வேண்டும். வீட்டைப் பார்க்க வீட்டுக்குள் போக வேண்டும்.

கீழமாசி வீதி எழுதியது:

பழஞ்சுவடு அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் முழுமையாக ஏற்க இயலவில்லை. நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களை இரண்டு முறை பத்மநாபபுரத்துக்கும் ஒருமுறை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் அழைத்துச் சென்றிருக்கிறேன். 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே செட்டிநாட்டு வீட்டிலும் கேரள வீட்டிலும் அடுக்களைச் சாமானும் தானியம் வைக்கும் கலனும் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்த உடனே பேசத் தொடங்கினார்கள். பத்மநாபபுரத்தில் அதே பிள்ளைகள் முதல் இருபது நிமிடத்துக்குப் பிறகு மௌனமாகிவிட்டார்கள்.

அரசருடைய அறைகளைத் தொட வேண்டாம். ஊட்டுப்புரையை ஒட்டி ஒரே ஓர் இடத்தில், இது காட்சிக்காக இன்று வைக்கப்பட்டது என்று தெளிவாக எழுதி, அம்மியும் உரலும் உருளியும் இலையும் பந்திப் பாயும் வைத்து, 2000 பேருக்கு எப்படி உணவு சமைத்து எப்படிப் பரிமாறியிருப்பார்கள் என்று காட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள். குழந்தைக்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி கிடைத்துவிட்டால் மீதி நாற்பது அறைகளின் வெறுமையை அவளே நிரப்பிக்கொள்வாள்.

பழஞ்சுவடு எழுதியது:

கீழமாசி வீதி அவர்களுக்கு: காட்சிக்காக வைக்கப்பட்டது என்று எழுதி, வாழ்ந்த அறைகளுக்கு வெளியே வைப்பதென்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தட்சிணசித்ராவோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே உள்ள வீடுகள் தம் ஊரை விட்டு வந்தவை. ஊரை இழந்த வீட்டுக்குப் பொருள்களாவது துணையாக இருக்க வேண்டும். பத்மநாபபுரத்தில் வீடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. கருங்கல் கோட்டைச் சுவரும், வேளிமலையும், அருகே நீலகண்ட சுவாமி கோயிலும், குளமும், பக்கத்து உதயகிரிக் கோட்டையில் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூரின் படைத்தலைவரான டிலனாயின் கல்லறையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அந்த வீட்டுக்குரிய பொருள்கள் என்று நான் நினைப்பவை இவைதாம்.

முற்றத்து வெயில் எழுதியது:

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் கொட்டாரத்தை முடிந்துபோன வீடாகவே பேசுகிறீர்கள். ஆண்டில் ஒரு நாள் அது அப்படி இருப்பதில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, கொட்டாரத்தின் தேவாரக்கட்டு என்ற வழிபாட்டு இடத்தில் இருக்கும் சரசுவதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட சரசுவதி இவள்தான், அவர் தம் இறுதிக் காலத்தில் சேர மன்னனிடம் ஒப்படைத்தார் என்பது எங்கள் பக்கத்து மரபு. தலைநகரம் மாறிய பின்னும் இவள் இருப்பிடம் மாறவில்லை. ஆண்டுதோறும் போய் நவராத்திரிக் கொலுவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் உடன் செல்வார்கள். அம்மன் யானை மீதும் மற்ற இருவரும் பல்லக்கிலுமாகப் போவார்கள். முதல் நாள் குழித்துறையிலும் மறுநாள் நெய்யாற்றின்கரையிலும் தங்கல்.

புறப்படும் காலையில் உப்பரிகை மாளிகையில் வைத்து மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். கேரள அமைச்சர்களும் இரு மாநில அதிகாரிகளும் வந்து நிற்பார்கள். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. கொட்டாரத்தின் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. நிலம் ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்தின் பொறுப்பிலும் இருக்கிற இந்த ஏற்பாட்டைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வியப்போடு கேட்பார்கள். அந்தக் காலையில் கூட்டத்தில் நின்றால் வியப்புக்கு இடமிருக்காது. பக்கத்தில் நிற்கும் ஒருவர் தமிழில் சரசுவதியை வாழ்த்துவார், அவருக்கு அடுத்தவர் மலையாளத்தில் வாழ்த்துவார். என் அம்மா என்னைத் தோளில் வைத்துக் காட்டிய அந்தக் காட்சியை நான் என் மகனுக்குக் காட்டியிருக்கிறேன்.

அம்மாவை அழைத்து வரும் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நவராத்திரி மண்டபத்துக்குக் கட்டாயம் போங்கள். படி ஏற வேண்டியதில்லை. செதுக்கிய கருங்கல் தூண்கள், கண்ணாடி போன்ற தரை. பக்கத்தில் மரத்தாலான சிறு அடைப்பு இருக்கும். அரண்மனைப் பெண்கள் அதற்குள் இருந்து துளை வழியாக ஆடலையும் பாடலையும் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் அந்தத் துளைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கிறேன். கொட்டாரத்துப் பெண்களைப் பற்றி நமக்குச் சொல்லும் தடயங்கள் மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

குழித்துறை ஆற்றங்கரை எழுதியது:

இந்த இழையை முழுவதும் படித்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதை யாராவது எழுதத்தான் வேண்டும்.

ஊட்டுப்புரையில் 2000 பேர் உண்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த 2000 பேர் யார் என்று சொல்வதில்லை. திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு அரசு செலவில் உணவளிக்க ஏற்பட்டவை. ஊரில் பசித்தவர் யார் வேண்டுமானாலும் வந்து அமர்ந்து உண்டார்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டால், அது நாம் அவர்களுக்குச் செய்யும் பிழை. அதே நாட்டில்தான் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை இருந்தது. அரசுக்கு மரம் சுமக்கவும் கல் சுமக்கவும் பிற சுமைகள் தூக்கவும் கடமைப்பட்டவர்களாக எங்கள் முன்னோர் வைக்கப்பட்டிருந்தார்கள். தோளில் துணி போட்டதற்காக எங்கள் பாட்டிமார் பட்ட பாடும், அதற்கெதிராக இந்த மண்ணில் நடந்த தோள்சீலைப் போராட்டமும், 1859இல் வந்த அரசு அறிவிப்பும் வரலாற்றில் உள்ளன. கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936இல்.

நான் இதைக் கொட்டாரத்தை இகழ்வதற்காக எழுதவில்லை. தச்சன் பேரன் அவர்கள் அந்தப் பலாத் தூணைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கும் நெகிழ்ச்சி ஏற்பட்டது. நானும் அந்தத் தூணின் முன் நின்றிருக்கிறேன். அந்தத் தரையைத் தேய்த்தவர்களும், கோட்டைக்குக் கல் சுமந்தவர்களும், ஊட்டுப்புரைக்கு விறகு கொண்டுவந்து வெளியே போட்டுவிட்டுத் திரும்பியவர்களும் அந்த வீட்டுக்கு உரியவர்கள்தான். என் தந்தை முதன்முறையாக என்னை அங்கே அழைத்துச் சென்றபோது நுழைவுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலில் சற்று நேரம் நின்றார். ஏன் நிற்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவருடைய பாட்டனார் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்க முடியாது என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

ஆகவே திருச்சிப் பயணி ஐயா, உங்கள் மகள் எங்கே சமைத்தார்கள் என்று மறுபடி கேட்டால், இடத்தைக் காட்டுங்கள்; யாருக்காகச் சமைத்தார்கள், யார் சுமந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பது வயதில் அது புரியும்.

கீழமாசி வீதி எழுதியது:

குழித்துறை ஆற்றங்கரை அவர்களுக்கு என் நன்றி. ஊட்டுப்புரையில் பந்திப் பாய் விரித்துக் காட்ட வேண்டும் என்று எழுதியபோது பாயில் அமர்ந்தவர் யார் என்பதை நான் எண்ணவில்லை. இனி மாணவர்களை அழைத்துச் செல்லும்போது இதையும் சொல்லித்தான் அழைத்துச் செல்வேன்.

வேளிமலை அடிவாரம் எழுதியது:

குழித்துறை நண்பர் எழுதியது அத்தனையும் உண்மை. கொட்டாரத்தில் அறைக்கு அறை நிற்கும் ஊழியர்கள் தமிழிலும் மலையாளத்திலும் அன்போடு விளக்குவார்கள். ஆனால் பின்னால் கூட்டம் வந்துகொண்டே இருக்கும்போது ஓர் அறைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர்களால் பேச முடிவதில்லை. நெரிசல் இல்லாத நாளில் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். கேளுங்கள். கேட்கிறவர்களைக் கண்டால் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

அம்மாவைப் பற்றி: காலணியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை குளிர்ச்சியாக இருக்கும். மெருகு இருப்பதால் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். பாதை ஒரே திசையில் போவதால் நடுவில் திரும்புவது எளிதல்ல. தொடக்கத்திலேயே ஊழியரிடம் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டால், படி குறைவான வழி எது என்று காட்டுவார்கள்.

திருச்சிப் பயணி எழுதியது:

மறுபடியும் வணக்கம். சென்ற புதன்கிழமை போய்விட்டு வந்தோம். நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்து மகள் கையில் கொடுத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வாசலில் எங்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். பூமுகத்தில் மகள் அண்ணாந்து பார்த்துப் பூக்களை எண்ணத் தொடங்கி, 37 வரை வந்து, எண்ணியதையே மறுபடி எண்ணுகிறோமோ என்ற ஐயத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். அவளை அவசரப்படுத்தவில்லை. அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னதும், அங்கிருந்த ஊழியர் அவரைக் கீழேயே உட்கார வைத்தார். நாங்கள் மந்திரசாலைக்கு ஏறி, சொன்னபடி ஓரமாக ஒதுங்கி நின்றோம். முதலில் இருட்டு, பிறகு தரையில் வெளிச்சக் கீற்றுகள். போன முறை இதே இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறேன். அப்போது தரையைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை.

ஏகாந்த மண்டபத்தின் தூணைத் தச்சன் பேரன் அவர்கள் சொன்னபடி தொடாமல் பார்த்தோம். என் மனைவி அங்கிருந்து நகரவே விரும்பவில்லை.

ஊட்டுப்புரையில் மகள் தாளைப் பார்த்து, அங்கிருந்த ஊழியரிடமே கேட்டாள்: "இங்கே யார் யார் சாப்பிட்டார்கள்?" அவர் சற்று யோசித்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். விறகு சுமந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று அவள் அடுத்துக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அம்மா பரணிகளின் அருகே நின்று, தன் பிறந்த வீட்டில் உப்பு மாங்காய் போட்டு வைத்த ஜாடியைப் பற்றியும், அதைத் தூக்கி வைக்க வந்த பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டதைப் பற்றியும் பேசினார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் எங்களிடம் சொன்னது இதுதான் முதல் முறை.

நவராத்திரி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒரு மணிக்கு மூடும் நேரம் நெருங்கியிருந்தது. நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. அருங்காட்சியகக் கட்டடத்துக்கும் உதயகிரிக்கும் போக முடியவில்லை. நவராத்திரிப் புறப்பாட்டின் போது வர வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். முற்றத்து வெயில் அம்மையார் அவர்களே, அந்தக் காலையில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வந்து நின்றால் முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து பார்க்க இயலும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

முற்றத்து வெயில் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. முதல் நாளே நாகர்கோவிலுக்கு வந்து தங்கிவிடுங்கள். புறப்பாட்டன்று காலை ஏழு மணிக்குமுன் கொட்டார வாசலுக்கு வந்துவிட்டால் நெரிசலுக்கு முன்னால் இடம் கிடைக்கும். மடக்கு நாற்காலி ஒன்றை நாங்கள் கொண்டு வருகிறோம். அம்மாவை எங்கள் குடும்பத்தோடு உட்கார வைத்துக்கொள்கிறோம்.